புதிய சிகிச்சை பழையதற்குக் குறைந்ததில்லை என்று நிரூபிப்பது எப்படி? தாழ்வின்மை ஆய்வுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1956-இல் சென்னையில் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் அதில் கைகோத்திருந்தன. அங்கே முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி சாதாரணமாகத்தான் தெரியும். டிபி நோயாளியை ஓராண்டு சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில்) படுக்க வைத்துத்தான் மாத்திரை கொடுக்க வேண்டுமா, வீட்டில் இருந்தபடியே சாப்பிட்டால் ஆகாதா? 193 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம்.

ஆறு புள்ளி குறைவு. ஆனாலும் அந்த ஆய்வுக்குப் பிறகு உலகம் மெல்ல மெல்ல சானடோரியங்களை மூடி வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது. வீடுதான் மேல் என்று யாரும் வாதாடவில்லை. படுக்கைக்கும் நோயாளிக்கும் மலைக்கும் மடுவுக்குமாக இடைவெளி இருந்த நாட்டில், வீட்டுச் சிகிச்சை ‘போதுமான அளவு நல்லது’ என்று தெரிந்ததே பெரிய செய்தி. வீட்டில் உடன் இருந்தவர்களுக்கு அதனால் தொற்று கூடவில்லை என்பதும் சேர்ந்து தெரிந்தது.

இன்று இந்த மாதிரிக் கேள்விக்கு ஒரு பெயர் உண்டு: நான்-இன்ஃபீரியாரிட்டி ட்ரையல். தமிழில் தாழ்வின்மை ஆய்வு என்று சொல்லலாம். புதியது பழையதைவிடச் சிறந்தது என்று காட்டுவது மேன்மை ஆய்வு. புதியது பழையதைவிட, முன்கூட்டியே சொல்லி வைத்த ஓர் அளவுக்கு மேல் மோசமில்லை என்று காட்டுவது தாழ்வின்மை ஆய்வு. அந்த அளவுக்குப் பெயர் மார்ஜின். ஆய்வின் உயிரே அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஆய்வை வடிவமைக்கும் முதுகலை மாணவருக்கும், கட்டுரையைப் படித்து மருந்துச் சீட்டு எழுதப்போகும் மருத்துவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

படி 1: இந்த ஆய்வு வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்

நோயாளியிடம் “இந்தப் புது மருந்து கொஞ்சம் குறைவாக வேலை செய்யலாம், பரவாயில்லையா?” என்று கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உடனே, “பதிலுக்கு எனக்கு என்ன கிடைக்கும்?” என்பார். ஆறு மாத மாத்திரை நான்கு மாதமாகலாம். ஊசி மாத்திரையாகலாம். மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு அலைவது நிற்கலாம். விலை குறையலாம். பக்கவிளைவு குறையலாம். இதில் ஒன்றுகூடச் சொல்ல முடியாவிட்டால், தாழ்வின்மை ஆய்வு நடத்த உங்களுக்கு நியாயமில்லை. சந்தையில் பத்தோடு பதினொன்றாக இன்னொரு மருந்தை நுழைக்க இந்த வடிவமைப்பைப் பயன்படுத்துவது சுலபம் என்பதால்தான் இதைக் கறாராகச் சொல்கிறேன்.

கிடைக்கப்போகும் லாபத்தையும் ஆய்வுக்குள்ளேயே அளக்க வேண்டும். ‘பக்கவிளைவு குறையும்’ என்று முன்னுரையில் எழுதிவிட்டு, முடிவுகளில் அதைப் பற்றி மூச்சே விடாத கட்டுரைகள் நிறைய. 2019-இல் வெளியான ஸ்ட்ரீம் ஆய்வு, மருந்து எதிர்ப்புள்ள டிபிக்கு 20 மாதச் சிகிச்சையை 9 முதல் 11 மாதச் சிகிச்சையோடு ஒப்பிட்டது. காலம் பாதியானது உண்மை. ஆனால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி (மிகவும் நீண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்) 500 மில்லிசெகண்டைத் தொட்டவர்கள் குறுகிய சிகிச்சையில் 11.0 சதவீதம், நீண்டதில் 6.4 சதவீதம். இரண்டையும் மறைக்காமல் எழுதினார்கள். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று படிப்பவருக்குத் தெரிந்தது.

படி 2: எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

இந்த வடிவமைப்பில் பெரும்பாலும் பிளாசிபோ குழு இருக்காது. நல்ல மருந்து இருக்கும்போது வெறும் மாத்திரை கொடுப்பது அறமில்லை என்பதால்தான் தாழ்வின்மை ஆய்வுக்கே வருகிறோம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு மருந்தும் ஒரே மாதிரி முடிவு தந்தால், இரண்டும் வேலை செய்தன என்று பொருளா, இரண்டுமே வேலை செய்யவில்லை என்று பொருளா? ஆய்வுக்குள்ளிருந்து இதற்குப் பதில் கிடைக்காது. பழைய மருந்து பிளாசிபோவை வென்றதற்கான பழைய ஆதாரம்தான் பதில் சொல்ல வேண்டும்.

டெலித்ரோமைசின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். கீடெக் என்ற பெயரில் 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆன்டிபயாடிக் அது. நிமோனியாவுக்கு மட்டுமல்ல, சைனஸ் தொற்றுக்கும், நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி திடீரென்று கூடும்போதும் கொடுக்கலாம் என்று அனுமதி. அடிப்படையாக இருந்தவற்றில் முக்கியமானவை தாழ்வின்மை ஆய்வுகள். ஆனால் சைனஸ் தொற்று பலருக்குத் தானாகவே ஆறிவிடும். அங்கே ஆன்டிபயாடிக் பிளாசிபோவைவிடத் தரும் கூடுதல் நன்மையே சொற்பம். சொற்பமான நன்மையுள்ள மருந்தோடு ஒப்பிட்டு ‘குறைந்ததில்லை’ என்று நிரூபித்தால் என்ன நிரூபித்ததாகும்? சர்க்கரைப் பொட்டலமும் அந்தப் பரீட்சையில் பாஸாகியிருக்கலாம். பிறகு கல்லீரல் பாதிப்புகள் தெரியவந்தன. 2007 பிப்ரவரியில் அந்த இரண்டு நோய்களுக்கான அனுமதி நீக்கப்பட்டது, நிமோனியாவுக்கு மட்டும் இருந்தது.

அப்புறம், ஒப்பிடும் மருந்தை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். ராக்கெட் ஏஎஃப் ஆய்வில் 14,264 பேருக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளான புதிய ரிவராக்சபான் அல்லது பழைய வார்ஃபரின் தரப்பட்டது. வார்ஃபரின் எடுத்தவர்களின் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை அளவு) சரியான எல்லைக்குள் இருந்த நேரம் சராசரியாக 55 சதவீதம்தான். எதிராளியின் ஒரு கையைக் கட்டிவிட்டு மல்லுக்கு நின்றால் ‘நான் தோற்கவில்லை’ என்று சொல்வது எளிது என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. வார்ஃபரினோ இன்சுலினோ, அளவைச் சரிபார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டிய எந்த மருந்து எதிரே இருந்தாலும் கட்டுரையில் முதலில் தேட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

இன்னொரு ஆபத்து சங்கிலி போல நீளும். ‘அ’வுக்குக் கொஞ்சம் குறைவான ‘ஆ’ பாஸ். அடுத்த ஆய்வு ‘ஆ’வோடு ஒப்பிட்டு, அதைவிடக் கொஞ்சம் குறைவான ‘இ’யைப் பாஸ் ஆக்குகிறது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஒப்பீட்டுக்கு எப்போதும், பிளாசிபோவை நேரடியாக வென்ற, இருப்பதிலேயே சிறந்த சிகிச்சையை எடுங்கள்.

படி 3: மார்ஜினை நிர்ணயியுங்கள்

மெனக்கெட வேண்டிய இடம் இது. நான் பார்த்த தீசிஸ் வரைவு ஒன்றில் மார்ஜின் 15 சதவீதம் என்று இருந்தது. ஏன் 15 என்று கேட்டேன். “10 போட்டால் சாம்பிள் சைஸ் கிடைக்காது சார்” என்றார் மாணவர். நேர்மையான பதில்தான். பிரசுரமாகும் கட்டுரைகள் பலவற்றில் அந்த நேர்மைகூட இருப்பதில்லை.

மார்ஜினை இரண்டு கட்டமாக யோசிக்க வேண்டும். முதல் கட்டம் கணக்கு. பழைய மருந்து பிளாசிபோவை எவ்வளவு வென்றது என்று பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பாருங்கள். தோல்வி விகிதத்தை அது 20 புள்ளி குறைத்தது, நம்பக இடைவெளி (உண்மையான அளவு பெரும்பாலும் இருக்கக்கூடிய எல்லை) 12 முதல் 28 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் 20-ஐ எடுக்கக் கூடாது. குறைந்தபட்சம் உறுதியானது 12, அதையே எடுக்க வேண்டும். புதிய மருந்து 12 புள்ளி தாழ்ந்தால் அது பிளாசிபோவுக்குச் சமம் என்றாகிவிடும். எனவே மார்ஜின் 12-க்கு உள்ளே இருந்தாக வேண்டும். இரண்டாம் கட்டம் தீர்ப்பு. அந்த 12-இல் எவ்வளவை இழக்கச் சம்மதம்? பாதியையாவது காப்பாற்ற வேண்டும் என்பது பரவலான வழக்கம். அப்படியானால் 6. விளைவு மரணம் போன்றதாக இருந்தால் 6 கூட அதிகம் என்று நோயாளியும் மருத்துவரும் சொல்லலாம். அப்போது இன்னும் இறங்க வேண்டும், ஏறக் கூடாது. வார்ஃபரினுக்கு மாற்றான டாபிகாட்ரானுக்கான ரீ-லை ஆய்வின் 1.46 என்ற அபாய விகித மார்ஜின் (வார்ஃபரினைவிட அபாயம் 1.46 மடங்கைத் தாண்டக் கூடாது என்பது) இந்த வழியில்தான் வந்தது. வார்ஃபரினைப் பிளாசிபோவோடு ஒப்பிட்ட பழைய ஆய்வுகளைத் தொகுத்து, அந்த நன்மையில் பாதியைக் காக்கும்படி கணக்கிட்டார்கள்.

விகிதமா, புள்ளி வித்தியாசமா என்பதிலும் ஒரு குழி இருக்கிறது. வார்ஃபரினோடு ஒப்பிடப்பட்ட இன்னொரு மருந்தான ஸிமெலகாட்ரானின் ஸ்போர்டிஃப் ஆய்வுகளில் மார்ஜின் ஆண்டுக்கு 2 சதவீதப் புள்ளி. வார்ஃபரின் குழுவில் ஆண்டுக்கு 3.1 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் போன்றவை வரும் என்று எதிர்பார்த்தார்கள். 3.1 ஐந்து ஆகலாம் என்பதே தாராளம்தான். ஐந்தாம் ஸ்போர்டிஃப் ஆய்வில் வார்ஃபரின் குழுவில் நிஜமாக நடந்தது 1.2 சதவீதம்தான். இப்போது அதே 2 புள்ளியைக் கூட்டிப் பாருங்கள், 3.2. பக்கவாதம் இரண்டரை மடங்குக்கு மேல் கூடினாலும் ‘குறைந்ததில்லை’ என்று சொல்லிவிடும் மார்ஜின் அது. அந்த மருந்தும் கல்லீரல் காரணமாக 2006-இல் விலக்கப்பட்டது. நிகழ்வு விகிதம் எதிர்பார்ப்பைவிடக் குறைந்தால் என்ன செய்வோம் என்பதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள்.

டிபி ஆய்வுகளின் மார்ஜின்களை வரிசையாக வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. ரிமாக்ஸ்டிபி 6 புள்ளி, ஸ்டடி 31 என்ற ஆய்வு 6.6, ஸ்ட்ரீம் 10, இரண்டு மாதச் சிகிச்சையை முயன்று பார்த்த ட்ரங்கேட்-டிபி 12. லாபம் பெரிதாகப் பெரிதாக இழப்பின் எல்லையும் கூடுகிறது. இதில் நியாயம் உண்டு, ஆனால் நியாயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த மெட்ராஸ் ஆய்வை இன்றைய கணக்கில் போட்டால், ஆறு புள்ளி வித்தியாசத்தைச் சுற்றிய நம்பக இடைவெளியின் மோசமான முனை 12-ஐயும் தாண்டிவிடும். பாஸாக அந்த முனை மார்ஜினுக்குள் இருக்க வேண்டும், ஆகவே மேலே வரிசையிட்ட டிபி மார்ஜின்கள் எல்லாவற்றிலும் ஃபெயில். ஆனால் அன்று எடுத்த முடிவு தவறு என்று நான் நினைக்கவில்லை. அன்று பலருக்கு இருந்த மாற்று சானடோரியம் அல்ல, சிகிச்சையே இல்லாமை.

படி 4: எத்தனை பேர் வேண்டும்

வெற்றி விகிதம் இரு குழுவிலும் 90 சதவீதம், ஒரு பக்கப் பிழை (தாழ்ந்த மருந்தைத் தவறாகப் பாஸாக்கும் வாய்ப்பு) 2.5 சதவீதம், ஆய்வின் திறன் (நிஜமாகவே சமமான மருந்து பாஸாகும் வாய்ப்பு) 90 சதவீதம் என்று வைத்தால், மார்ஜின் 10 புள்ளிக்குக் குழுவுக்குச் சுமார் 190 பேர் போதும். மார்ஜின் 6 என்றால் 526. மார்ஜின் 3 என்றால் 2,100-க்கு மேல். மார்ஜினைப் பாதியாக்கினால் ஆள் நான்கு மடங்கு. மார்ஜினைப் பெருக்கச் சொல்லி மனம் ஏன் இழுக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும். இடையில் விலகுபவர்களுக்காகக் கூடுதலாகச் சேர்க்க மறக்காதீர்கள்.

படி 5: எதை அளப்பது

நோயாளிக்கு முக்கியமானதை அளக்கவும். ரிமாக்ஸ்டிபியில் மாக்சிஃப்ளாக்சசின் சேர்த்த நான்கு மாதச் சிகிச்சைகள் சளியிலிருந்து கிருமியை வேகமாகவே விரட்டின. அதை மட்டும் அளந்து நிறுத்தியிருந்தால் வெற்றி விழாதான். ஆனால் 18 மாதம் வரை பின்தொடர்ந்தபோது நோய் திரும்பி வந்தது. நல்ல முடிவு கிடைத்தவர்கள் வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையில் 92 சதவீதம், நான்கு மாதக் குழுக்களில் 85, 80. தாழ்வின்மை நிரூபணமாகவில்லை. 2014-இல் அதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள்.

அளவீடு மழுங்கலாக இருந்தாலும் இரண்டு மருந்தும் ஒன்று போலத் தெரியும். மேன்மை ஆய்வில் அலட்சியம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும். தாழ்வின்மை ஆய்விலோ அதே அலட்சியம் பல நேரம் உங்களுக்குச் சாதகமாகிவிடும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களும், தகுதியில்லாமல் உள்ளே வந்தவர்களும், பரிசோதனைத் தவறுகளும் சேர்ந்து வித்தியாசத்தைக் கரைத்துவிடும்.

படி 6: யாரைக் கணக்கில் சேர்ப்பது

அதனால்தான் இங்கே இரண்டு பகுப்பாய்வு தேவை. ஒன்று, யாருக்கு எது ஒதுக்கப்பட்டதோ அந்தக் குழுவிலேயே எல்லோரையும் எண்ணுவது. இன்னொன்று, திட்டப்படி மருந்தை எடுத்து முடித்தவர்களை மட்டும் எண்ணுவது. முதலாவது வித்தியாசத்தைக் குறைத்துக் காட்டலாம். இரண்டாவதில், யார் நின்றார் யார் போனார் என்பதே குழுக்களைச் சாய்த்துவிடலாம். இரண்டும் ஒரே பக்கம் கை காட்டினால்தான் நிம்மதி.

2021-இல் வெளியான ஸ்டடி 31-ஐக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ரிஃபாபென்டினும் மாக்சிஃப்ளாக்சசினும் சேர்ந்த நான்கு மாதச் சிகிச்சையில் சாதகமற்ற முடிவு 15.5 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 14.6. வித்தியாசம் 1.0 புள்ளி, இடைவெளி −2.6 முதல் 4.5. முடிவைக் கணிக்க முடியாமல் போனவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் 11.6-உம் 9.6-உம். வித்தியாசம் 2.0, இடைவெளி −1.1 முதல் 5.1. வித்தியாசம் இரட்டிப்பானதைக் கவனித்தீர்களா? ஊரை விட்டுப் போனவரை இரு பக்கமும் ‘தோல்வி’ என்று எண்ணும்போது அது நீர் கலந்த மோர் மாதிரி. ஆனால் இரண்டு கணக்கிலும் மேல்முனை 6.6-க்குள் அடங்கியது. அதனால் முடிவு நின்றது. மாக்சிஃப்ளாக்சசின் இல்லாத இன்னொரு நான்கு மாதக் குழுவில் வித்தியாசம் 3.0, மேல்முனை சரியாக 6.6. கோட்டைத் தொட்டது, தாழ்வின்மை இல்லை என்றே அறிவித்தார்கள்.

படி 7: இடைவெளியைப் படிக்கும் விதம்

கையால் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கற்பனைக் கணக்கு. குழுவுக்கு 500 பேர். பழைய மருந்தில் 50 தோல்வி, புதியதில் 60. வித்தியாசம் 2 புள்ளி. 95 சதவீத இடைவெளி −1.9 முதல் 5.9. மார்ஜின் 6 என்றால் பாஸ். இப்போது புதிய குழுவில் ஒரே ஒருவருக்கு மட்டும் கூடுதலாகத் தோல்வி, 61. இடைவெளி −1.7 முதல் 6.1. ஃபெயில். ஆயிரம் பேரில் ஒருவர் தீர்ப்பை மாற்றிவிட்டார். ஆகவே ‘பாஸ், ஃபெயில்’ என்பதோடு நிறுத்தாமல் இடைவெளி முழுவதையும் பாருங்கள். மார்ஜினைப் பிறகு மாற்றுவது ஏன் மன்னிக்க முடியாத குற்றம் என்பதும் இதில் தெரியும். மார்ஜின் பதிவு எண்ணோடு முன்பே பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளுக்கு 2009 முதல் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு கட்டாயம். கட்டுரையைப் படிக்கும்போது அந்தப் பதிவைத் திறந்து ஒப்பிட இரண்டு நிமிடம் போதும்.

மேன்மை ஆய்வு தோற்றதும் “வித்தியாசம் தென்படவில்லை, ஆக இரண்டும் சமம்” என்று எழுதும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. வித்தியாசம் தெரியாமல் போனதற்கு ஆள் போதாததும் காரணமாக இருக்கலாம். எதிர்த் திசை மட்டும் அனுமதி உண்டு. தாழ்வின்மை நிரூபணமான பிறகு, முன்பே திட்டமிட்டிருந்தால், அதே இடைவெளியை வைத்து மேன்மையைச் சோதிக்கலாம். ராக்கெட் ஏஎஃப் அப்படித்தான் சோதித்தது. ஒதுக்கியபடி எல்லோரையும் எண்ணியபோது விகிதம் 0.88, இடைவெளி 0.74 முதல் 1.03. ஒன்றைத் தாண்டிவிட்டதால் மேன்மை இல்லை.

படி 8: எழுதுவது

மருத்துவ ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று விதி வகுக்கும் கன்சார்ட் குழு இந்த ஆய்வுகளுக்கென்று 2006-இல் தனி விதிப்பட்டியல் தந்தது, 2012-இல் புதுப்பித்தது. ஆனால் நடப்பு வேறு. 2010 முதல் 2015 மே வரை ஆறு முன்னணி மருத்துவ இதழ்களில் வந்த 168 கட்டுரைகளை ஒரு குழு அலசியது. மார்ஜினைச் சொன்னவை 98 சதவீதம். ஏன் அந்த மார்ஜின் என்று சொன்னவை 46 சதவீதம். ஒரே ஒரு பகுப்பாய்வோடு நிறுத்தியவை 39 சதவீதம். பிழை விகிதமும் நம்பக இடைவெளியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமலோ தெளிவில்லாமலோ இருந்தவை 43 சதவீதம். சின்னப் பத்திரிகைகள் இல்லை இவை, முன்னணி இதழ்கள்.

ஆகவே உங்கள் கட்டுரையில் தலைப்பிலேயே தாழ்வின்மை ஆய்வு என்று சொல்லுங்கள். மார்ஜினையும் அதன் காரணத்தையும் முறைகள் பகுதியில் எழுதுங்கள், ‘முந்தைய ஆய்வுகளின்படி’ என்று இரண்டு சொல்லில் தப்பிக்காமல் எந்த ஆய்வு, என்ன எண் என்று. நோயாளிகளும் மருந்தளவும் பழைய பிளாசிபோ ஆய்வுகளோடு ஒத்துப்போகின்றனவா என்று சொல்லுங்கள். இரண்டு பகுப்பாய்வின் இடைவெளிகளையும் ஒரே படத்தில், மார்ஜின் கோட்டோடு வரையுங்கள். அந்த ஒரு படம் நாலு பக்க விளக்கத்துக்குச் சமம்.

கடைசியாக முடிவு வாக்கியம். “புதிய சிகிச்சை பழையதைப் போலவே பலனளிக்கிறது” என்பது தவறான வாக்கியம். குழந்தைகளின் தீவிரமில்லாத டிபிக்கு நான்கு மாதம் போதுமா என்று கேட்ட ஷைன் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் 1,204 குழந்தைகள். சென்னையும் ஒரு மையம். சானடோரியம் ஆய்வை நடத்திய அதே நிறுவனம், இப்போது வேறு பெயரில். அதன் முடிவை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “16 வயதுக்குட்பட்ட, தீவிரமில்லாத டிபி உள்ள குழந்தைகளில், சாதகமற்ற முடிவு இரு குழுவிலும் 3 சதவீதம். சரிசெய்யப்பட்ட வித்தியாசம் −0.4 புள்ளி, 95 சதவீத இடைவெளி −2.2 முதல் 1.5. முன்பே வகுத்த 6 புள்ளி மார்ஜினுக்குள் அடங்கியதால், நான்கு மாதச் சிகிச்சை ஆறு மாதத்துக்குத் தாழ்ந்ததில்லை.” யாருக்கு, எவ்வளவு, எந்த எல்லைக்குள் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. கடுமையான டிபி உள்ள குழந்தைக்கு இந்த வாக்கியத்தை நீட்டக் கூடாது என்பதும் அதன் முதல் வரியிலேயே இருக்கிறது.